வெறும் வண்டியின் எடை

சிப்காட் சாலை எடைமேடையில்
பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.
ஐந்து கிலோ கூட்டியோ குறைத்தோ
ஒரு சீட்டு அடித்ததில்லை.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

பச்சையாங்குப்பம் தனபதி
இரண்டாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகையில்
எங்கள் கேட்டுக்கு நூறடி தள்ளி அடிபட்டார்.
லாரியிலிருந்து இறங்கியது முதலாளியின் மருமகன்.
லைசென்ஸ் கிடையாது.
மூச்சில் பாண்டிச்சேரி.

விடிவதற்குள் எனக்குப் பாடம் ஆகிவிட்டது:
ஓட்டியது கலியவரதன்.
"அவன் ஒத்துக்கிட்டான்யா, ரெண்டு நாள்ல பெயில்."
இந்தக் கதையில் முதல் பொய்
என்னிடம் சொல்லப்பட்டது.
அதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

முதுநகர் ஸ்டேஷனில்
நான் இரண்டு வரி சொன்னேன்,
ரைட்டர் இரண்டு பக்கம் எழுதினார்.
மேற்படி நபர் மேற்படி வாகனத்தை
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்...
என் பொய்யைவிட அது திடமாக இருந்தது.
கையெழுத்து எங்கே சார் என்றேன்.
இதுக்கு வேணாம், போ என்றார்.
கையெழுத்தில்லாத சீட்டு எங்கள் கணக்கில் செல்லாது.
அந்தத் தைரியத்தில்
கெடிலம் பாலத்தோரம் நின்று டீ குடித்தேன்,
வடையும் தின்றேன்.

கலியவரதனைக் கேப்பர் மலைக்குக் கொண்டுபோனார்கள்.
மலை என்று பேர்.
எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஜெயில்.

அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்தில் மாஜிஸ்திரேட்,
சின்ன வயசு, சளி பிடித்திருந்தது அவருக்கு.
யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார்.
இல்லை.
யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?
இல்லை.
யோசிச்சுச் சொல்லுங்க, இது சத்தியப் பிரமாணம் என்றார்.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.
இந்த முறை கையெழுத்து கேட்டார்கள்.

வழக்கு கூண்டேறப் பதினான்கு மாதம்.
நான் அரசுத் தரப்பு சாட்சி நான்கு.
வக்கீல் ஹயாத் பாஷா சத்தம் போடவில்லை.
மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.
இரவு பத்து ஐம்பத்திரண்டு,
ஜிப்சம் லோடு, வேறொரு வண்டி,
டிரைவர் கலியவரதன்.
தனபதி அடிபட்ட அதே நிமிடத்தில்
அவன் என் மேடைமேல் நின்றிருந்தான்.

"இது நீங்க அடிச்ச சீட்டா?"

மனசாட்சி என்று நினைக்காதீர்கள்.
தனபதியின் மனைவி பின்வரிசையில் இருந்தாள்,
அவளைக்கூட நான் பார்க்கவில்லை.
என் சீட்டைப் பொய் என்று சொல்ல
வாய் வரவில்லை, அவ்வளவுதான்.
"என் சீட்டுதான். சீட்டு சரி."

பிறழ் சாட்சி என்றார் அரசு வக்கீல்.
பொய் சொன்னவரை நான் சாட்சி,
உண்மை சொன்ன நொடியில் பிறழ்ந்தேன்.

பார வண்டியில் வெறும் வண்டியைக் கழித்தால் சரக்கு.
அங்கே சொன்னதில் இங்கே சொன்னதைக் கழித்தார் நீதிபதி.
இரண்டும் சத்தியத்தின் மேல்.
மிச்சம் நின்றது நான்.

கலியவரதன் விடுதலை.
மருமகன்மேல் மறுபடி விசாரணையாம், நடக்கிறதாம்.
எனக்கு வந்த சம்மனில்
சாட்சி நான்கு இல்லை, எதிரி ஒன்று:
பூபாலன், தகப்பனார் பெயர் சடகோபன்.
அப்பா இதிலெல்லாம் எப்படி வந்தார் என்று
கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தேன்.
ஏழு வருடம் வரை போடலாம் என்றார் என் வக்கீல்.
முன்பு நூற்றுத் தொண்ணூற்று மூன்று,
இப்போது அதே குற்றம் இருநூற்று இருபத்தொன்பது.
சட்டம் எண்ணை மாற்றிச் சொல்லலாம்,
யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது ஆலப்பாக்கம் பக்கம்
வேறொரு எடைமேடை, பாதிச் சம்பளம்.
வாய்தாவுக்கு வாய்தா லீவு கேட்கிறேன்.

போன செவ்வாய் கருங்கல் லோடோடு வந்தான் கலியவரதன்.
முன்பெல்லாம் சீட்டை வாங்கிப்
பார்க்காமல் பையில் திணிப்பவன்.
கண்ணாடிக்கு வெளியே நின்று
ஒவ்வோர் எண்ணாக வாசித்தான்,
தேதி, நேரம், தன் பேர் வரை.
"இன்னொரு தடவை போடு" என்றான்.

போட்டேன்.